தராசு இல்லாமல் கிராமைக் கப்பாக்கிய விதம்

கேக் குறிப்பில் எல்லாமே கிராம் கணக்கு: மைதா 250, சர்க்கரை 200, வெண்ணெய் 150. வீட்டில் தராசு கிடையாது, அளவு கப் மட்டும்தான். மாற்று அட்டவணைகளைப் பார்த்தால் ஒன்றில் ஒரு கப் மைதா 120 கிராம், இன்னொன்றில் 140. இரண்டுமே சரிதான். மாவைக் கிளறி இளக்கி, கரண்டியால் கப்பில் போட்டு, கத்தி முதுகால் வழித்தால் 120, 125 வரும். கப்பையே உள்ளே விட்டு அமுக்கி அள்ளினால் 140-ஐத் தொட்டுவிடும். கப்பும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250.

அதனால் பிரிக்காத அரைக் கிலோ மைதா பாக்கெட்டையே தராசாக்கினேன். முழுவதையும் இளக்கி, தலைதட்டி அளந்ததில் நான்கு கப் வந்தது. ஆக, என் கப்புக்கு 125 கிராம். குறிப்புக்கு இரண்டு கப். ரவை, கோதுமை மாவு எதுவானாலும் புதுப் பாக்கெட் பிரிக்கும்போது இப்படி ஒருமுறை அளந்து டப்பா மூடியில் எழுதி வைத்துவிடுங்கள், பிறகு கவலையே இல்லை.

சர்க்கரை அமுங்காது, ஒரு கப் ஏறக்குறைய 200 கிராம். ஆனால் மிக்ஸியில் பொடிப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். பொடித்தது கப்புக்கு 120 கிராம்தான் பிடிக்கும். வெண்ணெய்க்குக் கப்பே வேண்டாம். 100 கிராம் கட்டி ஒன்று, இன்னொன்றில் சரிபாதி வெட்டினால் போதும்.