எல்விஸின் ஒத்திகைப் பதிவுகள்: சேகரிப்பதும் பரிமாறுவதும்

அமெரிக்க ரொக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ஒத்திகைப் பதிவுகளைத் தேடத் தொடங்குபவர், கசெட்டின் அட்டையில் எழுதியுள்ள திகதியை நம்புவதைவிடத் தம் காதை நம்பப் பழக வேண்டும். 1968 ஜூன் இறுதியில் பர்பாங்க் என்பிசி கலையகத்தின் உடைமாற்று அறையில் நடந்த ஒத்திகைகளில் கிட்டார் கலைஞர் ஸ்கொட்டி மூர் முதலிய பழைய தோழர்கள் சிலரே உடனிருந்தனர். 1970 ஜூலையில் கல்வர் சிட்டி எம்ஜிஎம் கலையகத்தில் ஒலிப்பதோ ஜேம்ஸ் பர்ட்டனின் கிட்டாரும் ரொனி டட்டின் ட்ரம்ஸும் சேர்ந்த முழு இசைக்குழு. இவ்வேறுபாடு பிடிபட்டால் தவறான பெயரிட்ட கசெட்டுகள் பெரும்பாலும் உடனே வெளிப்பட்டுவிடும்.

சேகரிப்பாளருக்கென 1999இல் தொடங்கப்பட்ட ஃபொலோ தட் ட்ரீம் நிறுவனம் பல ஒத்திகைகளை இறுவட்டுகளாக வெளியிட்டுள்ளது. அவ்வாறு வெளிவந்தவற்றை விலைகொடுத்தே வாங்குங்கள். வெளிவராத பதிவுகளுக்கும் உரிமையாளர் உண்டு; காசு வாங்காமல் மாற்றிக்கொள்வதால் மட்டும் நமக்கு உரிமை கிடைத்துவிடாது என்பதை மனத்தில் வைத்தே இதில் இறங்க வேண்டும்.

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் கசெட்டின் பெரும் பகை ஈரமே. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை, காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் அவற்றைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்த வேண்டாம், உறை வளைந்துவிடும். நாடாவில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் அதை ஒருபோதும் ஓடவிடக் கூடாது, ஏனெனில் அது இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் பரவும்.

கணினிக்கு மாற்றும்போது முதலில் கசெட் இயந்திரத் தலையின் சாய்வைச் சரிசெய்து, உயர் ஒலிகள் தெளிவாகக் கேட்கும் நிலையைக் கண்டுபிடியுங்கள். அடுத்தது வேகம். இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், நம்முடையது 50 ஹேர்ட்ஸ். ஆகவே அங்கே பதிவானபோது நுழைந்த மின் இரைச்சல் எஞ்சியிருந்தால், ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் கணினிப் படத்தில் அது 60இல் நிற்க வேண்டும்; 61.2இல் நின்றால் நாடா நூற்றுக்கு இரண்டு பங்கு வேகமாக ஓடுகிறது என்று பொருள். 50இல் தெரியும் கோடு பெரும்பாலும் நம் வீட்டு இயந்திரமோ இங்கே பிரதியெடுத்த இயந்திரமோ சேர்த்தது. அதைக் கொண்டு வேகத்தைத் திருத்தக் கூடாது.

இரைச்சலை நீக்கி அழகுபடுத்தும் ஆசைக்கு இடங்கொடுக்காதீர்கள். பாடலை நடுவில் நிறுத்தி எல்விஸ் மெல்லப் பேசும் சொற்களும் அந்த இரைச்சலோடு கரைந்துபோகும். ஒத்திகைப் பதிவின் உயிரே அச்சொற்களில்தான் இருக்கிறது. திருத்தாத மூலத்தை ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வைத்து, திருத்தியதைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3யாகச் சுருக்கியதை மீண்டும் ஃப்ளாக்காக மாற்றிக் கொடுப்பது ஏமாற்று.

பரிமாறும்போது கோப்புடன் ஒரு குறிப்பும் செல்ல வேண்டும்: பதிவு எத்தனையாவது பிரதி, எந்த இயந்திரத்தில் ஓடியது, வேகம் எவ்வளவு திருத்தப்பட்டது, எங்கே நாடா அறுந்துள்ளது. அறியாத விவரத்துக்கு ஊகத்தை எழுதாமல் இடத்தை வெறுமையாக விடுங்கள். மூலக் கசெட்டை எவருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். பதுளையிலுள்ள நண்பர் கேட்டாலும் பென்ட்ரைவில் பிரதியைக் கொடுத்து, அது பழுதின்றித் திறக்கிறது என்று அவர் உறுதிசெய்த பின்னரே உங்கள் பட்டியலில் பரிமாற்றத்தைப் பதியுங்கள்.