வேலை மாறினால் பிஎஃப்-ஐயும் கூட்டிக்கொண்டு போங்கள்

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாளில் என் மேசைக்கு வந்தாக வேண்டும். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பிஎஃப் பணத்தை எப்போ எடுக்கலாம்?" எடுக்காதே என்பேன். எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

2015இல் முதல் வேலையில் சேர்ந்து, 3 வருடம் 8 மாதத்தில் விட்டேன். கணக்கில் 78,000 ரூபாய் இருந்தது. அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனதால் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். தொடர்ந்து 5 வருட சேவை முடியுமுன் எடுத்தால் வரி உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தொகை 50,000-ஐத் தொட்டுவிட்டால், பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தருமுன்பே பிடித்துக்கொள்ளும் வரி. 7,800 ரூபாய் போனது. அதோடு விட்டதா? முதலாளியின் பங்கும் அதற்கான வட்டியும் அந்த வருட வருமானத்தில் ஏறின. 80சி என்ற சேமிப்புக்கான வரிச்சலுகைப் பிரிவில் முன்பு கழித்திருந்ததும் திரும்பக் கணக்குப் பார்க்கப்பட்டது.

இந்த 5 வருடம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்திருந்தால் இரண்டு சேவையும் கூடிவிடும். நான் சேர்க்கவில்லை, உடைத்தேன்.

வரியைவிட எனக்கு வலிப்பது பென்ஷன்தான். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,800 பிடிக்கிறார்கள். முதலாளியும் 1,800 போடுகிறார். ஆனால் அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய், மீதி 550தான் பிஎஃப்-இல் விழும். இந்தத் திட்டத்தில் 10 வருட சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதப் பென்ஷன். கணக்கும் சுலபம்: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 உச்சவரம்பில் ஒவ்வொரு வருட சேவைக்கும் மாதம் சுமார் 214 ரூபாய். நான் பிஎஃப்-ஐ எடுத்த கையோடு பென்ஷன் பங்கை எடுப்பதற்கான படிவம் 10சி-யையும் போட்டு, 4 வருடமாகக் கணக்கில் வந்திருக்க வேண்டிய சேவையை அழித்துக்கொண்டேன். மாதம் 857 ரூபாய், ஆயுள் முழுவதற்கும். அந்த 10சி பணத்தில் என்ன வாங்கினேன் என்றுகூட நினைவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய அலுவலகத்தில் இருக்கும்போதே பிஎஃப் இணையதளத்தில் உங்கள் யூஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கணக்கைத் திறந்து பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருப்பது நம் ஊர்ப் பெயர்களுக்கே உள்ள தலைவலி. சில திருத்தங்களுக்கு முதலாளியின் ஒப்புதல் தேவைப்படும். விலகியபின் அவர்கள் போனை எடுப்பார்களா என்று சொல்ல முடியாது.

புதிய இடத்தில் சேரும் அன்று படிவம் 11 தருவார்கள். அதில் பழைய 12 இலக்க யூஏஎன்-ஐ எழுதுங்கள். "இதுதான் முதல் வேலை" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு இரண்டு யூஏஎன்-உடன் திண்டாடுகிறவர்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

அடுத்தது விலகல் தேதி. பெரும்பாலான விண்ணப்பங்கள் முட்டிக்கொள்வது இங்கேதான். பழைய கம்பெனி தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி வைத்து நீங்களே 'மார்க் எக்ஸிட்' செய்யலாம். விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதில் உள்ள தேதி புதிய வேலையில் சேர்ந்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். தவறாகப் போட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

புதிய கம்பெனியின் முதல் மாதப் பணம் பாஸ்புக்கில் ஏறியதும் பரிமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். 'ஒன் மெம்பர் ஒன் இபிஎஃப் அக்கவுன்ட்' என்ற பகுதிக்குப் போய், பழைய கணக்கைத் தேர்ந்தெடுத்து ஓடிபி கொடுத்தால் போதும். சிலருக்குத் தானாகவே மாறிவிடும். மாறியிருக்கும் என்று நம்பி இருக்காமல் பாஸ்புக்கைப் பாருங்கள்.

பார்த்ததும் பாதிப் பேர் பதறி என்னிடம் ஓடி வருவார்கள். ஊழியர் பங்கும் முதலாளி பங்கும் வந்திருக்கும், பென்ஷன் பத்தியில் பூஜ்யம்! பயப்பட வேண்டாம். பென்ஷனில் பணம் நகராது, சேவைக் காலம்தான் நகரும். அது சரியாக ஏறியிருக்கிறதா என்பதை அனெக்ஷர் கே என்ற பரிமாற்ற விவரத் தாள் சொல்லும். பழைய கம்பெனி பிஎஃப் பணத்தைத் தானே நிர்வகிக்கும் சொந்த டிரஸ்ட் வைத்திருந்தால் இந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

அடுத்த வேலை உடனே இல்லையா? பணம் அங்கேயே கிடக்கட்டும். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். விலகிய பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் ரிட்டர்ன் போடும்போது மறக்க வேண்டாம்.

இவ்வளவையும் முடித்தபின் நாமினி பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கல்யாணம் ஆகியிருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் இடிஎல்ஐ காப்பீடும் இதே பதிவைத்தான் பார்க்கும். ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, போன மாதம் என் கணவரின் கணக்கைத் திறந்தால் அந்தப் பக்கம் காலியாக இருந்தது.