காம்பஸைத் திசைமாற்றிய கேபின் கடிகாரம்

எங்கள் பாய்மரப் படகில் கேபின் சுவரின் வெளிப்பக்கம் காம்பஸ். அதே சுவரின் உள்பக்கம் புதிதாக மாட்டிய கடிகாரமும், காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரும். பினாங்குப் பக்கம் போகும்போது, கிழக்கே திரும்பினால் காம்பஸ் 6 டிகிரி தள்ளிக் காட்டும். வடக்கே போனால் சரியாக இருக்கும். அதனால்தான் கண்டுபிடிக்க நாள்கணக்கில் இழுத்தது.

காம்பஸ் விளக்கின் வயர்களை முறுக்கிக் கட்டினேன். போன், கத்தி எல்லாவற்றையும் தள்ளி வைத்தேன். பலனில்லை.

அப்புறம் கைக்காம்பஸை எடுத்து, கேபினில் ஒவ்வொரு பொருளின் அருகிலும் மெல்ல நகர்த்தினேன். கடிகாரத்தை நெருங்கியதும் முள் சட்டென்று திரும்பியது. பித்தளை போலப் பளபளத்த கூடு, முலாம் பூசிய இரும்பு! பாரோமீட்டரின் திருகுகளும் அப்படியே.

கெட்டிப் பித்தளையில் வேறு ஜோடி வாங்கி, எதிர்ச் சுவரில், காம்பஸிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் பித்தளைத் திருகு போட்டு மாட்டினேன். எல்லாத் திசையிலும் சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி. வாங்கப் போகும்போது கைக்காம்பஸையும் கொண்டுபோங்கள்.

பாரோமீட்டரின் பின்பக்கத் திருகை, அருகிலுள்ள விமான நிலையம் சொல்லும் கடல்மட்ட அழுத்தத்துக்குத் திருப்பி வையுங்கள். இந்தக் கடலில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் காற்றழுத்தம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) இறங்குவது அன்றாட வழக்கம்தான், புயல் அறிகுறி இல்லை.