கொண்டல் காற்றில் வார்னிஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் கொண்டல், அதாவது கடலிலிருந்து வரும் ஈரமான கீழ்க்காற்று, திரும்பிவிட்டால் தொண்டி முதல் பாம்பன் வரை பட்டறைகளில் ஒரே புலம்பல்தான்: "பாலிஷ் வெள்ளை பூத்துடுச்சு." தொழில் பழகும் காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே புதியவர்களும் செய்கிறார்கள். உப்புத்தாள் சரியாகப் போடாதது, தூசி துடைக்காதது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளையின் மேல் இன்னொரு கோட்

தை முகூர்த்தத்துக்குக் கட்டில் போயாக வேண்டும். மார்கழி மாலையில் விளக்குப் போட்டு லாக்கர் (தின்னரில் கரைத்து அடிக்கும், சீக்கிரம் காயும் பூச்சு) அடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பால் தெளித்ததுபோல வெள்ளை படரும். 'அடுத்த கோட்டில் மறைந்துவிடும்' என்று உடனே மேலே அடிப்பதைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஈரம் இரண்டு கோட்டுக்கு நடுவே சிறைப்பட்டுவிடும். பிறகு மொத்தத்தையும் தேய்த்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சரக்கும் போச்சு, நாலு நாள் கூலியும் போச்சு.

லாக்கரை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பைக் குளிர்விக்கும். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், மேற்பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் பனி இறங்கிவிடும். அந்த ஈரம்தான் வெள்ளை. கலப்படச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பூத்துவிட்டால் கையை எடுங்கள். காய்ந்த இடத்தில் ஒரு நாள் விட்டால் லேசான வெள்ளை தானே போய்விடும். போகாவிட்டால் வெயில் நாளில் ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மெல்லிய படலமாக ஸ்பிரே செய்தால் லாக்கர் இளகி ஈரத்தை விடும். அரக்கு பாலிஷுக்கு ஸ்பிரிட் தொட்ட துணி போதும். ஹார்ட்னர் (இறுகவைக்கும் சரக்கு) கலந்து அடிக்கும் மெலமைன் பூச்சு இறுகிய பிறகு தின்னருக்கு இளகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வராமல் தடுக்க, காலை பத்து மணிக்குமேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். ஈரப்பத மானி ஒன்று சுவரில் மாட்டுங்கள். 80 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு லாக்கர் வேலை வேண்டாம். தள்ள முடியாத அவசரம் என்றால் தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் சேர்க்கலாம். காயக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

உப்பு படிந்த பலகை

மண்டபம், பாம்பன் பக்கம் கடலைப் பார்த்து அடுக்கிய பலகையில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். பூச்சு பின்னால் கொப்பளிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகு உப்புத்தாள் போடுங்கள்.

தொட்டுப் பார்த்து அடுத்த கோட்

விரலில் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. எண்ணெய் வார்னிஷ் ஈரக் காலத்தில் டப்பாவில் போட்ட நேரத்தைப்போல இரண்டு மடங்குகூட எடுக்கும். 320 நம்பர் உப்புத்தாளை ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பூசலாம். தாளில் பிசினாக அப்பினால் நாளைக்கு.

அடுப்பு வைத்துக் காயவைப்பது

கூடவே கூடாது. கேஸ் எரிந்தால் நீராவியும் வரும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும்.

சிமெண்ட் தரையில் படுக்கவைப்பது

தரை ஈரம் விடும். நாலு கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள்.