பிங்க் புத்தகம் லோரியில் ஏறக் கூடாது

வயிற்றில் பிள்ளையோடு வீடு மாறுகிறீர்களா? கர்ப்பப் பரிசோதனை விவரங்களை எழுதிவைக்க கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகம், கணவன் மனைவி இருவரின் ஐசி (அடையாள அட்டை), திருமணச் சான்றிதழ் மூன்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டு லோரியில் ஏற்ற வேண்டாம். அப்புறம் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். தோட்டத்து மண் சாலையில் லோரி சிக்கினால், கேன்வாஸ் மூடியிருந்தாலும் ஓரத்துப் பெட்டிகள் நனையும். பேனா மை கரைந்தால் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபின் அளவும் நீலக் கறைதான். அந்தப் புத்தகத்தில்தான் உங்கள் ரத்த வகை, ஸ்கேன் விவரம், ஆபத்து நிலையைக் காட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கர் எல்லாம் இருக்கின்றன. புது ஊர் கிளினிக்கில் அதை நீட்டினால் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. நடு ராத்திரி வலி எடுத்தால் இன்னும் முக்கியம்.

போன் படத்தை மட்டும் நம்பாதீர்கள், புயலில் கரண்டு போனால் போனும் செத்துவிடும். பிஸ்கட் டின் வேண்டாம், அதன் மூடி தண்ணீரைத் தடுக்காது. பிரசவத் தேதி நெருங்கிவிட்டால் இந்தப் பை போதாது, பிள்ளைத் துணியும் கூடவே வர வேண்டும்.