கேன் கமாண்ட் ஹேண்ட்லருக்கு கமெண்ட் எழுதுவது எப்படி

வண்டியின் கேன் பஸ்ஸில் (உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் பொது இணைப்பில்) வரும் சிக்னலைப் படிக்கும் நிரலுக்குப் பாதி டாக்குமெண்ட் ஏற்கெனவே கையில் இருக்கும். சிக்னல்களின் விவரப் பட்டியலான டிபிசி ஃபைலைத் திறந்தால் ஸ்டார்ட் பிட், நீளம், ஃபேக்டர் (பெருக்கும் எண்), ஆஃப்செட் (கூட்டும் எண்) எல்லாம் வந்துவிடும். நாமே உருவாக்கும் கஸ்டம் கமாண்ட் அப்படியில்லை. "இண்டிகேட்டர், இடது" என்று ஒரு கமாண்ட் வந்தால் அதை இரண்டு மூன்று சிக்னலாகப் பிரித்து, எது முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்து பஸ்ஸில் எழுதுவது நீங்கள் எழுதிய ஃபங்ஷன், அதாவது ஹேண்ட்லர். அது ஏன் அந்த வரிசையில் எழுதுகிறது என்பது எந்த ஃபைலிலும் இருக்காது, நீங்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

கமாண்டின் பெயர், அது ஏற்கும் மதிப்புகள், தெரியாத மதிப்பு வந்தால் என்ன செய்யும் என்ற மூன்றையும் ஃபங்ஷனுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். கமெண்டிலிருந்து டாக்குமெண்ட் உருவாக்கும் டாக்சிஜன் டூலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் டேக்குகள் இதற்குப் போதும்.

அப்புறம் பைட் ஆர்டர், அதாவது ஒரு எண் பல பைட்டில் வந்தால் எந்த பைட் முதலில் என்பது. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். "வேகம், 16 பிட், ஃபேக்டர் 0.1" என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். பஸ்ஸில் வந்த பைட்கள் ஹெக்ஸில் 02, 01. மோட்டோரோலா முறையில் (மதிப்பு கூடிய பைட் முதலில்) படித்தால் 513, அதாவது மணிக்கு 51.3 கிமீ, இன்டெல் முறையில் (மதிப்பு குறைந்த பைட் முதலில்) படித்தால் 258, அதாவது 25.8 கிமீ. இரண்டுமே வண்டி போகக்கூடிய வேகம்தான், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, இரண்டு நாள் வேறு எங்கெங்கோ தேடினோம். அதோடு, டிபிசியில் இன்டெல் சிக்னலின் ஸ்டார்ட் பிட் மதிப்பு குறைந்த பிட்டைக் குறிக்கும், மோட்டோரோலா சிக்னலில் மதிப்பு கூடிய பிட்டை. சில டூல்கள் இதை மாற்றியும் காட்டும். ஆகவே வெறும் எண்ணை எழுதாதீர்கள், எங்கிருந்து எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதும் கமாண்டில் இதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் தொடாத பிட்கள். சாதாரண கேன் மெசேஜில் அதிகபட்சம் 8 பைட், அதற்குள் சம்பந்தமே இல்லாத பல சிக்னல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். உங்கள் ஹேண்ட்லர் ஒரு பிட்டை மாற்றிவிட்டு மீதியை 0 ஆக்குகிறதா, கடைசியாக வந்த மெசேஜிலிருந்து எடுக்கிறதா? மெசேஜை எண்ணும் கவுண்டர், பிழையைக் கண்டுபிடிக்கும் செக்சம் இருந்தால் அவற்றை நிரப்புவது யார்? அதே மெசேஜ் ஐடியை வண்டியில் இருக்கும் ஈசியூவும் (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரும்) அனுப்புகிறதா? அனுப்பினால் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஐடியில் வேறு வேறு டேட்டா அனுப்பினால் பிட் எரர் வரும், அனுப்பியவரின் எரர் கவுண்டர் 8 ஏறும், அது 255-ஐத் தாண்டினால் அந்த நோடு (பஸ்ஸில் இணைந்த கருவி) பஸ்ஸைவிட்டே வெளியேறிவிடும். இதெல்லாம் தெரியாமல் அந்த ஃபங்ஷனை ஒருவர் லூப்பில் போட்டு அழைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருப்பித் தரும் மதிப்பையும் தெளிவாகச் சொல்லுங்கள். ட்ரூ என்றால் மெசேஜ் கியூவில் சேர்ந்தது என்று அர்த்தமா, பஸ்ஸில் போய்விட்டது என்று அர்த்தமா? கேனில் அக் (வாங்கியதற்கான ஒப்புதல்) வந்தால்கூட ஏதோ ஒரு நோடு மெசேஜைச் சரியாக வாங்கியது என்றுதான் பொருள், விளக்கு எரிந்தது என்று பொருள் இல்லை.

சரி, எழுதி முடித்தால் கமெண்ட் இப்படி இருக்கும் (ஐடிகள் உதாரணத்துக்கு மட்டும்):

கமாண்ட்: இண்டிகேட்டர். மதிப்பு: இடது, வலது, அணை. வேறு எது வந்தாலும் எதையும் அனுப்பாமல் ஃபால்ஸ் தரும்.
இடது ஐடி ஹெக்ஸ் 321, வலது ஐடி ஹெக்ஸ் 322, இரண்டும் 11 பிட். இரண்டிலும் பைட் 2, பிட் 0. எண்ணிக்கை 0-விலிருந்து, பிட் 0 என்பது மதிப்பு குறைந்த பிட்.
மற்ற பிட்கள் கடைசியாக வந்த மெசேஜிலிருந்து அப்படியே வரும். இன்னும் எந்த மெசேஜும் வரவில்லை என்றால் அனுப்பாது, ஃபால்ஸ் தரும்.
முதலில் எதிர்ப்பக்கம் 0, அதற்கு அப்புறம் கேட்ட பக்கம் 1. மாற்றிப் போட்டால் ஒரு கணம் இரண்டு பக்கமும் எரியும்.
அணை வரும்வரை 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பும். ட்ரூ என்றால் கியூவில் சேர்ந்தது, அவ்வளவுதான்.
டெஸ்ட் பெஞ்சில் மட்டும் சரிபார்த்தது. வண்டியில் இன்னும் இல்லை.

அந்தக் கடைசி வரியை எழுதப் பலர் தயங்குவார்கள், வேலை முடியாத மாதிரி தெரியுமே என்று. தயங்காதீர்கள். பெஞ்சில் ஓடியதை வண்டியிலும் ஓடியது என்று நம்பி ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இந்தக் கமாண்டை அனுப்பிவிடக் கூடாது. வண்டியில் சரிபார்த்த அன்றைக்கே, எந்த மாடல், எந்த சிக்னல் ஃபைல் பதிப்பு, வண்டி நின்றிருந்ததா ஓடியதா என்று அந்த வரியை மாற்றி, நிரல் மாற்றத்தோடு அதே கமிட்டில் போடுங்கள்.