குரு அர்ஜன் தேவின் மரணம்: சண்டை வராமல் ஒரு பத்தி எழுதுவது எப்படி?

சீக்கிய வரலாற்றை விக்கிப்பீடியாவில் எழுத வருபவர்கள் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும் ஆண்டு 1606. அந்த ஆண்டு ஐந்தாவது குரு அர்ஜன் தேவ், லாகூரில் முகலாயர் காவலில் இறந்தார். இதுவரை தகராறு இல்லை. 'ஏன், எப்படி' என்று அடுத்த வரி எழுதினால் ஆரம்பித்துவிடும். மதத்துக்காகக் கொன்றார்கள் என்பார் ஒருவர். கலகம் செய்த இளவரசனுக்குத் துணைபோனதற்கான அரசியல் தண்டனை என்பார் இன்னொருவர். இவர் மாற்ற, அவர் மீட்க, கடைசியில் நிர்வாகி வந்து பக்கத்தைப் பூட்டுவார்.

அந்த ஒரு பத்தியையே பயிற்சியாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: சான்றுகளைக் கால வரிசையில் அடுக்குங்கள்

முதலில் அன்றைய முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பு. அடுத்து, ஏசு சபைப் பாதிரியார் ஜெரோம் சேவியர் அதே ஆண்டு செப்டம்பரில் எழுதிய கடிதம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த 'தபிஸ்தான்' என்ற பாரசீக நூல் மூன்றாவது. சூடான இரும்புத் தட்டு, கொதிமணல், ராவி ஆறு என்று விரிவாகச் சொல்லும் சீக்கிய மரபு நூல்கள் பிற்காலத்தவை. பிந்தியது என்பதாலேயே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். எது எப்போது எழுதப்பட்டது என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

படி 2: முழுப் பகுதியையும் படியுங்கள்

பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. ஜஹாங்கீர் அந்தப் பகுதியில் இரண்டு விஷயம் சொல்கிறார். மூன்று நான்கு தலைமுறையாக இந்தக் குருமார் 'கடை' (மதப் போதனையை அப்படி ஏளனமாகச் சொல்கிறார்) நடத்துகிறார்கள், இந்துக்களோடு சில முஸ்லிம்களும் பின்னால் போகிறார்கள், இந்தப் பொய்க் கடையை மூட வேண்டும் அல்லது இவரை இஸ்லாத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று முன்பே எண்ணியிருந்தேன் என்பது ஒன்று. கலகம் செய்து ஓடிவந்த என் மகன் குஸ்ரோவின் நெற்றியில் குரு குங்குமப்பூத் திலகம் இட்டார், அது தெரிந்ததும் கொல்ல ஆணையிட்டேன் என்பது மற்றொன்று. முதல் பாதியை ஒரு கட்சி மேற்கோள் காட்டும், இரண்டாம் பாதியை மறு கட்சி. இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பதை இருவருமே சொல்ல மாட்டார்கள்! நீங்கள் இரண்டையும் கொடுங்கள்.

படி 3: ஒவ்வொரு கூற்றையும் சொன்னவர் பெயரில் எழுதுங்கள்

இப்படி எழுதினால் ஒரு நாள்கூடத் தாங்காது:

"கொடுங்கோலன் ஜஹாங்கீர், மதம் மாற மறுத்த குருவைச் சூடான இரும்புத் தட்டில் உட்காரவைத்துக் கொன்றான்."

இப்படி எழுதிப் பாருங்கள்:

"குருவின் செல்வாக்கை ஒடுக்க முன்பே எண்ணியிருந்ததாகவும், குஸ்ரோவுக்குத் திலகம் இட்டதை அறிந்து அவரைக் கொல்ல ஆணையிட்டதாகவும் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். குருவுக்கு விதித்த அபராதத்துக்குப் பிணை நின்ற செல்வந்தர் பணம் கேட்டுத் துன்புறுத்தியதில் குரு இறந்தார் என்கிறது சேவியரின் கடிதம். இரும்புத் தட்டில் அமர்த்தி, மேலே கொதிமணல் கொட்டி வதைத்தார்கள் என்பது சீக்கிய மரபு."

நீளம்தான். ஆனால் 'கொடுங்கோலன்' போனதால் வாசகருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

படி 4: நீங்களாக முடிச்சுப் போடாதீர்கள்

சேவியர் சொல்லும் அந்தச் செல்வந்தருக்குப் பெயர் இல்லை. சீக்கிய மரபிலோ சந்து ஷா என்ற வில்லன் உண்டு: தன் மகளைக் குருவின் மகன் ஹர்கோபிந்துக்குக் கொடுக்க முயன்று மறுக்கப்பட்டவர். இருவரும் ஒரே ஆள்தான் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். ஒரு வரலாற்றாசிரியர் அப்படிக் கருதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதலாம். உங்கள் ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

படி 5: சொல்லைக் கவனியுங்கள்

சீக்கியர்களுக்கு இது ஷஹீதி, உயிர்த்தியாகம். அதை நீக்கிவிட்டு 'மரண தண்டனை' என்று மட்டும் போட்டால் நடுநிலை வந்துவிடாது, எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகிவிடும். "சீக்கியர்கள் இதை உயிர்த்தியாகமாகப் போற்றுகிறார்கள்" என்பதை யாரும் மறுக்க முடியாது. அதை முன்னுரையிலேயே வையுங்கள்.

ஆளுக்குப் பாதி இடம் என்று அளந்து கொடுப்பதும் நடுநிலை ஆகாது. வரலாற்றாசிரியர்கள் எதற்கு எவ்வளவு எடை தருகிறார்களோ அவ்வளவு இடம் போதும்.

படி 6: அழித்தால் திருப்பி அழிக்காதீர்கள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீட்டால் தடை விழலாம். தெற்காசிய வரலாற்றுப் பக்கங்களில் கண்காணிப்பு இன்னும் கடுமை. உரையாடல் பக்கத்துக்குப் போய், ஜஹாங்கீரின் அந்த இரண்டு கூற்றுகளையும் மேற்கோளோடு ஒட்டுங்கள். இதில் எதை எடுக்க வேண்டும், ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தைத் தொடாதீர்கள்.